கனத்த முகம், கனத்த எழுத்து

1

தமிழில் ஒருவரைக் கௌரவிப்பதற்கு நமக்குத் தெரிந்த சடங்கு படத்திறப்பு. படத்தில் இருப்பவர் சிரிக்கக் கூடாது. வீட்டில் இருப்பது சிரித்த புகைப்படம்தான் என்றால் ஓவியர் உதட்டை மூடிக் கொடுத்துவிடுவார். அப்புறம் மாலை, குத்துவிளக்கு, மூன்று மணி நேரப் பேச்சு. பேச வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படத்தின் பக்கம் கையை நீட்டி, "அந்தக் கண்களைப் பாருங்கள்" என்பார். கண்களில் தீட்சண்யம் இருக்கும். புருவ மத்தியில் சிந்தனை இருக்கும். தாடி இருந்துவிட்டால் ஞானத்துக்கும் குறைவிராது.

மேடையில் நடக்கிற மட்டில் இதை ஒரு மாலைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் இதே காரியம் விமர்சனம் என்ற பெயரிலும் வரலாறு என்ற பெயரிலும் நடக்கிறது. படத்தை வைத்து ஆளைப் படிக்கிறார்கள். அப்படிப் படித்ததை வைத்து அவர் எழுத்தை எடைபோடுகிறார்கள். முகம் கனத்திருப்பதைப்போல் எழுத்தும் கனத்திருந்துவிட்டால் அதற்கு ஆழம் என்று பெயர் வைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளம்புகிற மூடநம்பிக்கைகள் என்பது என் கட்சி. அந்த வேர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு செப்புத் தகட்டுப் படத்திலிருந்து தொடங்குவது சௌகரியம்.

பர்த்தலோமேயு சீகன்பால்குவின் படத்தைச் சொல்கிறேன். தரங்கம்பாடி மிஷனைப் பற்றியும் தமிழ் அச்சைப் பற்றியும் எழுதப்பட்ட பல நூல்களில் பார்த்திருப்பீர்கள். முட்டை வடிவச் சட்டம். அதற்குள் மார்பளவு உருவம். கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை, தோளில் புரளும் சுருள் முடி. கீழே பெயரும் பதவியும். முகத்தில் அசைவே கிடையாது. இந்த முகத்திலிருந்து நம்மவர்கள் எடுத்திருக்கும் சாரம் கொஞ்சநஞ்சமல்ல. உறுதி, தியாகம், தமிழ்க் காதல், தூர தேசத்தின் தனிமை – எல்லாம் அந்த உதட்டுக் கோட்டிலிருந்து வருகிறது. 1682-ல் பிறந்து 1719-ல், முப்பத்தாறு வயதில், தரங்கம்பாடியில் செத்துப்போன ஒரு இளைஞனின் படம் அது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. படத்தில் வயது தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்தப் படத்தின் இலக்கணம்.

2

இலக்கணம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவப்படச் செதுக்கல் ஒரு பெரிய தொழில். பாதிரியார், மந்திரி, பண்டிதர், வைத்தியர் என்று யார் புத்தகம் போட்டாலும் முன்பக்கத்தில் ஒரு முகம் வேண்டியிருந்தது. மெருகேற்றிய செப்புத் தகட்டைத் தோல் மெத்தையின் மேல் வைத்து, கூர் உளியை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே மறுகையால் தகட்டைத் திருப்புவார்கள். உளி உழுத பள்ளத்தில் மை இறங்கும். மேல்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் பள்ளத்து மை காகிதத்தில் ஏறும். செதுக்கியது இடவலம் மாறி விழும். கன்னத்தின் நிழலுக்கு இணைகோடுகள், தாடைக்கு அடியில் குறுக்குக் கோடுகள், அங்கிக்கு நெருக்கமான தடித்த கோடுகள் என்று பாடம் உண்டு. செதுக்குகிறவர் பல சமயங்களில் ஆளைப் பார்த்திருக்க மாட்டார். யாரோ தீட்டிய ஓவியத்தைப் பார்த்துச் செய்வார். அல்லது யாரோ செதுக்கிய இன்னொரு படத்தைப் பார்த்துச் செய்வார்.

இதில் மேதைகள் இல்லை என்று சொல்லவில்லை. பிரான்ஸில் ராபர்ட் நாந்தேய் ஆளை நேரில் உட்காரவைத்து வரைந்து, அதைச் செதுக்கியவர். செதுக்கலும் ஓவியத்தைப்போல ஒரு கலையே, கைத்தொழில் அல்ல என்று 1660-ல் பதினான்காம் லூயி ஆணை போட வேண்டியிருந்தது அங்கே. கிளோத் மெல்லான் 1649-ல் கிறிஸ்துவின் முகத்தை ஒரே கோட்டில் செதுக்கினார். மூக்கு நுனியில் தொடங்குகிற கோடு சுழன்று சுழன்று விரிகிறது. கோடு தடிக்கிற இடத்தில் நிழல், மெலிகிற இடத்தில் ஒளி. கண், ரத்தம், முள்முடி எல்லாம் அந்த ஒற்றைச் சுழலின் தடிமன் வித்தியாசம்தான். முகம் என்பது கோட்டினால் உண்டாக்கப்படுவது, கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது அல்ல என்று இதைவிடப் பச்சையாக யாரும் சொன்னதில்லை. நம் படத்திறப்புப் பேச்சாளர் மெல்லானின் கிறிஸ்துவைப் பார்த்தாலும், "அந்தக் கண்களைப் பாருங்கள்" என்றுதான் சொல்வார்.

மெல்லானுக்கு நேர் எதிர்க்கோடியில் பியர் லொம்பார்ட் என்ற செதுக்குபவரின் தகடு ஒன்று இருக்கிறது. வான் டைக் தீட்டிய முதலாம் சார்ல்ஸின் குதிரைச் சவாரி ஓவியத்தைத் தழுவியது, 1655 வாக்கில் செய்தது. குதிரை, கவசம், பின்னணி எல்லாம் அப்படியே இருக்க, தலையை மட்டும் தேய்த்து அழித்து வேறு தலை வைத்து அச்சிட்டார்கள். ஒரு சமயம் கிராம்வெல், ஒரு சமயம் சார்ல்ஸ், அதாவது தலையை வெட்டச் செய்தவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே உடம்பில். தலையே இல்லாத நிலையில் எடுத்த அச்சும் கிடைத்திருக்கிறது. உடம்பு ஏதானாலும் தலையை மாற்றி ஒட்டும் நமது பிளெக்ஸ் பேனர் கலைக்கு இவர் மூதாதை. மாறாமல் இருந்தது என்ன? கம்பீரம். கம்பீரம் தகட்டில் ஏற்கெனவே இருந்தது. முகம் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது.

சிரிப்பைச் செப்பில் செதுக்க முடியாததால் எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டார்கள் என்று யாராவது தொழில்நுட்ப சமாதானம் சொல்லக்கூடும். அது செல்லாது. அதே காலத்தில், அதே உளியால், குடிகாரர்களும் கோமாளிகளும் பிடில் வாசிக்கிறவர்களும் பல் தெரியச் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு கீழே இருப்பவர்களுக்கும், இறுக்கம் மேலே இருப்பவர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. நம் தெருக்கூத்தில் ராஜா சிரிக்காமல் நிற்க, கட்டியங்காரன் சிரிப்பதுபோலத்தான். கூத்து பார்க்கிறவன் ராஜாவின் முகத்தைப் பார்த்து வேஷக்காரனின் ஆழ்மனதை அளப்பதில்லை. அது வேஷம் என்று அவனுக்குத் தெரியும். படித்தவர்களுக்குத்தான் இது தெரியாமல் போயிற்று. பரோக் படத்தின் கனம் ஒரு பதவிச் சின்னம், வெள்ளைக் கழுத்துப் பட்டையைப்போல. கழுத்துப் பட்டையை வைத்து ஒருவரின் ஆன்மாவை ஆராய்கிறவரை நாம் என்ன சொல்வோம்?

3

படத்தை விட்டுவிட்டு சீகன்பால்கு எழுதியதைப் படித்தால் வேறு ஆள் எழுந்து வருகிறார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். மொழி தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தம் இடத்திலேயே பள்ளியை நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். கறுப்பு அங்கிக்காரர் மணலில் ஆனா எழுதுகிற அந்தக் காட்சியை எந்தச் செதுக்குபவரும் முட்டைச் சட்டத்துக்குள் கொண்டுவர மாட்டார். டேனிஷ் கோட்டையின் தளபதியோடு சண்டை பிடித்து 1708 கடைசியிலிருந்து நாலு மாதம் சிறையில் கிடந்தார். ஏடுகளைத் தேடிச் சேர்த்து 1708-ல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

இதே மனிதர், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் புகுந்து, அங்கிருந்த உருவங்களில் சிலவற்றைத் தள்ளி, சிலவற்றின் தலைகளை உடைத்தார். அவரே எழுதிவைத்திருக்கிறார். அங்கே இருந்த தமிழர் ஒருவர் கோபத்தில் கத்தாமல் வாதம் செய்தார். இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் போர்வீரர்கள் என்பது அவர் வாதம். புதுக்கோட்டையிலிருந்து திருமயத்துக்கு வருகிற சாலையில் நமணசமுத்திரத்து ஐயனார் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த மனிதர் என்ன சொன்னார் என்பது உடனே விளங்கும். வரிசை வரிசையாக மண்குதிரைகள். அவை தெய்வமல்ல, தெய்வத்தின் காரியத்துக்கு நிற்பவை. பழையது உதிரும், பக்கத்தில் புதியது வந்து நிற்கும். எதையும் ஒருவருடைய அசல் முகம் என்று யாரும் கருதியதில்லை. உருவம் வேறு, உருவத்தால் குறிக்கப்படுவது வேறு என்ற சூட்சுமமான பேதத்தை அந்தப் பெயர் தெரியாத தமிழர், தலை உடைந்து கிடக்கும் மண்ணுக்கு நடுவில் நின்று, எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஐரோப்பியருக்கு அன்று அது ஏறவில்லை. உருவங்களின் தலையை உடைத்தவரின் தலை பின்னால் செப்பில் செதுக்கப்பட்டு பக்தியோடு பரப்பப்பட்டது. அதை வரலாற்றின் கேலி என்று விட்டுவிடலாம். நமக்கும் அந்தப் பேதம் மறந்துபோனதை அப்படி விட முடியாது.

படம் மறைத்தது சீகன்பால்குவை மட்டுமா? அவருக்குத் தமிழ் சொன்ன வாத்தியார், துபாஷியாக வேலை பார்த்து அதற்காகத் துன்பப்பட்ட அழகப்பன் (மிஷன் ஏடுகளில் அலெப்பா), 1714-ல் அவரோடு கப்பலேறி ஐரோப்பா போன மலையப்பன் – இவர்கள் இல்லாமல் 1716-ல் ஹாலேயில் லத்தீனில் அச்சான தமிழ் இலக்கணம் ஏது? இவர்களுக்கும் படம் கண்டுபிடித்து மாட்டிவிடலாம் என்று இப்போது யாராவது கிளம்பக்கூடும். வேண்டாம். இருப்பதைப் படிக்கவே இங்கே ஆளில்லை. 1712-க்கும் 1714-க்கும் இடையில் மிஷனரிகள் கேள்விகள் எழுதி அனுப்ப, தமிழர்கள் பதில் எழுதினார்கள். மத விஷயம், சாப்பாடு, கல்யாணம், வைத்தியம் என்று எதையும் விடாமல் எழுதிய கடிதங்கள். 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின, எழுதியவர் பெயர் பெரும்பாலும் இல்லாமலேயே. 'உங்கள் மதம் நல்லதாக இருக்கலாம், உங்கள் ஆட்கள் ஏன் குடிக்கிறார்கள், ஏன் குளிப்பதில்லை, ஏன் மாட்டைத் தின்கிறார்கள்' என்ற தோரணையில் திருப்பிக் கேட்கிறவர்கள் அவற்றில் உண்டு. 18-ம் நூற்றாண்டுத் தமிழனின் குரல், இடக்கு, நையாண்டி, தர்க்கம் எல்லாம் அங்கே இருக்கிறது. முகம் இல்லாததால் நம் ஆராதகர்களுக்கு அது கண்ணில் படவில்லை. ஒரு படம் இருந்திருந்தால் இந்நேரம் நூற்றாண்டு விழா நடந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை சீகன்பால்கு 1713-ல் எழுதி அனுப்பினார். உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதன் அபத்தங்களை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற ரீதியில் ஹாலேயிலிருந்து ஃபிராங்கெ சொல்லிவிட்டார். நூல் 1867 வரை அச்சேறவில்லை. கடைசியில் சென்னையில்தான் வெளிவந்தது. அந்த மனிதரின் முகம் ஊர் ஊராகப் போயிற்று, அவர் எழுதிய முக்கியமான நூல் நூற்றைம்பது வருஷம் பெட்டியில் கிடந்தது. படம் எழுத்துக்குத் துணை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

4

திருமயத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பதற்காக இந்த ஊரை இழுக்கவில்லை. ஐரோப்பா பரோக் என்று அழைக்கும் அதே காலத்தில்தான் இங்கே கோட்டை எழுந்தது – 1687-ல், கிழவன் சேதுபதி என்கிற ரகுநாத சேதுபதியின் காலத்தில். 1693-ல் ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ சிரச்சேதம் செய்யப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். சேதுபதிகளுக்கு உருவம் எழுதிவைக்கும் வழக்கம் இல்லாமல் இல்லை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இருந்த அதே காலத்தில் ராமநாதபுரத்தில் அடுத்த சேதுபதி, முத்து விஜய ரகுநாதர், ஆண்டார். ராமலிங்க விலாசச் சுவர்களில் அவரைப் பார்க்கலாம். தேவியிடமிருந்து செங்கோல் பெறுகிறார், ஐரோப்பியர்களை வரவேற்கிறார், யுத்தம் நடக்கிறது, அந்தப்புரத்தில் பெண்களோடு இருக்கிறார். ஒரே முகத்தை ஒரு சட்டத்துக்குள் நிறுத்தி இதுதான் இவர் என்று சொல்லும் எண்ணம் அந்தச் சுவரில் இல்லை. ஆள் என்பவன் அவன் செய்கிற பல காரியங்களின் வரிசை. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் கும்பிட்ட கையோடு, சரிந்த தொந்தியோடு நிற்கும் நாயக்க மன்னர்களும் அப்படித்தான். தனியாக நின்று நம்மை முறைக்கவில்லை. எதையோ பார்த்து நிற்கிறார்கள், நாமும் அந்தத் திசையில் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், திருமயத்துப் பெருமாளின் குகை. பாறையிலேயே குடைந்த அனந்தசயனம். பின்சுவர் முழுக்கத் தேவர்களும் ரிஷிகளும். காலடிப் பக்கம் மது கைடபர் ஆதிசேஷனின் விஷ ஜ்வாலையில் விரட்டப்படுகிறார்கள். உத்தரவு வாங்காமல் விஷத்தைக் கக்கிவிட்டோமே என்று ஆதிசேஷன் கூசிப் படத்தைச் சுருக்கிக்கொண்டதாகவும், பெருமாள் அவனை மெச்சியதாகவும் ஸ்தல புராணம். (படம் எடுத்ததற்காகக் கூசியவன் தமிழ்நாட்டில் ஆதிசேஷன் ஒருவன்தான்.) அந்தச் சுவரில் இருக்கும் கூட்டத்தில் பயம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, நிம்மதி இருக்கிறது. ஒரு பெயர்ப் பலகையும் இல்லை. சிற்பி தேடியது பாவம், ஜாடை அல்ல. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்ல வந்த தொல்காப்பியம் நகையை முதலில் வைத்தது. பெருமிதம் ஆறாவது. நம் மலர்க்குழுக்களிடம் கொடுத்திருந்தால் நகையைப் பட்டியலிலிருந்தே எடுத்திருப்பார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று பாடுவது என் வேலையல்ல. பக்கத்துச் சிவன் குகையில் குடுமியான்மலையைப்போல ஒரு இசைக் கல்வெட்டு இருந்தது. 13-ம் நூற்றாண்டில் இரண்டு கோயில்களுக்கும் நடுவில் இருந்த வழக்கைத் தீர்த்து, அந்தத் தீர்ப்பை எழுத இடம் தேடியபோது இசையைச் சுரண்டி எடுத்தார்கள். லொம்பார்டின் தகட்டில் தலையைச் சுரண்டியதற்கு இது எந்த விதத்திலும் இளைத்ததல்ல. அதிகாரம் எழுத இடம் தேடினால் முதலில் அழிவது எது என்பதற்குத் திருமயத்திலேயே அத்தாட்சி இருக்கிறது.

5

இப்படிப்பட்ட இடத்துக்குப் பரோக்கின் இறுக்கம் எப்படி வந்து சேர்ந்தது? புத்தகத்தின் முகப்புப் படம், கல்லச்சு, அப்புறம் புகைப்பட ஸ்டுடியோ, காலண்டர் என்று வழி தெளிவாகவே இருக்கிறது. ஸ்டுடியோவில் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் புத்தகம், பின்னால் திரை – இது அப்படியே செப்புத் தகட்டுப் படத்தின் மேடை அமைப்பு. அதற்குள் போய் நம் பாட்டன்மார்கள் நின்றார்கள். பிறகு முகமே தெரியாதவர்களுக்கும் அதே அச்சில் முகம் வார்த்தோம். கே. ஆர். வேணுகோபால் சர்மா தீட்டிய வள்ளுவர் படம் 1964-ல் சட்டசபையில் ஏறியது. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையில் சிலைகள் வரிசையாக எழுந்தன. ஓவியர் தன் வேலையைச் செய்தார், அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கற்பனை என்று தெரிந்தே தீட்டிய முகத்தைக் கொஞ்ச நாளில் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு, அந்த நெற்றிக்கு ஏற்றபடி குறளுக்கு உரை சொல்ல ஆரம்பித்ததுதான் விபரீதம். காமத்துப்பாலில் ஊடலும் கேலியும் எழுதியவர் எங்கே, இந்தப் படத்தில் இருப்பவர் எங்கே? அதனால்தான் மூன்றாம் பாலை நம் பள்ளிக்கூடங்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

கட்டபொம்மனுக்கு 1959 முதல் சிவாஜி கணேசனின் முகம். கயத்தாற்றில் 1970-ல் நிறுவப்பட்ட சிலையைச் செய்வித்தவரும் சிவாஜிதான். திருமயம் கோட்டையை ஜனங்கள் ஊமையன் கோட்டை என்கிறார்கள். அவன் பேரை ஊர் வாய் வைத்துக்கொண்டது. 1801-ல் தூக்கிலிடப்பட்ட ஊமைத்துரைக்கு ஒரு நட்சத்திர முகம் வாய்க்காமல் போனதால் அவனைப் பற்றி நினைக்கிறபோது என்ன செய்தான் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அண்ணனைப் பற்றி அந்தக் கேள்வியே எழுவதில்லை, வசனம் காதில் விழுந்துவிடுகிறது.

இந்த ஊரில் பிறந்த சத்தியமூர்த்தியையே எடுத்துக்கொள்ளலாம். 1887-ல் பிறந்தவர். சென்னைக்கு 1939-ல் மேயர். சட்டசபையில் எதிர்க்கட்சியைக் கிண்டலாலேயே திணறவைத்தவர். சுகுண விலாச சபையில் வேஷம் கட்டி ஆடியவர். நாடகக்காரர்களோடு தேசியத்தைச் சேர்த்தவர். இவருக்கும் அதே மூடிய உதடு, அதே தூரப் பார்வை. நடிகனைத் தலைவனாகக் காட்ட வேண்டுமென்றால் முதலில் நடிப்பை முகத்திலிருந்து துடைத்தாக வேண்டும் என்பது எழுதாத விதி.

இங்கே நியாயமான ஒரு ஆட்சேபம் இருக்கிறது. மதிப்பாக நிற்கும் உரிமையே மறுக்கப்பட்டவர்களுக்குக் கனத்த முகம் ஒரு ஆயுதம் இல்லையா? கோட்டும் டையும், கையில் புத்தகமும், நீட்டிய விரலுமாக ஊர் ஊராக நிற்கும் அம்பேத்கர் சிலையை என்ன சொல்வாய்? அந்தச் சிலைக்கு நான் எதிரியல்ல. சேரியின் நுழைவாயிலில் அந்தச் சிலை நிற்கும்போது 'இந்த மனிதரின் அந்தரங்கம் இப்படி' என்று அது சொல்லவில்லை. 'இந்த இடம் எங்களுடையது, இந்த உடை எங்களுக்கும் உரியது' என்கிறது. அதனால்தான் அதைக் கூண்டு போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் அதன் தலையை உடைக்க ராத்திரியில் ஆள் வருகிறான். அது ஒரு உரிமைக் கோரல். அப்படிக் கோருகிறவர்களுக்குக் கனம் தேவை, கூடவே அபாயமும் உண்டு. நான் சொல்வது, எந்த அபாயமும் இல்லாத இடத்தில், கூடம் நிறைய நாற்காலி போட்டு, ஏற்கெனவே மரியாதை கிடைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு பங்கு மரியாதையை எண்ணெய் வண்ணத்தில் வழங்கும் காரியத்தை. படத்தைக் கோரிக்கையாகப் பயன்படுத்துவது அரசியல். அதை ஆதாரமாகப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம். விமர்சகன் இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

6

இனி நம் வீட்டுக்கு வருவோம். சிறுபத்திரிகைக்காரர்களான நாம் இந்த நோயிலிருந்து தப்பியவர்களா? பின்னட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு முகம். மோவாயில் கை. பார்வை புகைப்படக்காரருக்குப் பின்னால் எங்கோ. முட்டைச் சட்டமும் கழுத்துப் பட்டையும்தான் போயிருக்கின்றன. வெகுஜனப் பத்திரிகையின் இளிப்புக்கு எதிர்ப்பாகத் தொடங்கிய இறுக்கம் இது என்பது எனக்குத் தெரியும். அந்த இளிப்பு சகிக்க முடியாததாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்ப்பு ஒரு நாளில் சீருடையாகிவிட்டது. இப்போது ஒரு கவிதையில் மரணம், வெறுமை, மௌனம் மூன்றும் இருந்துவிட்டால் அது கவிதை. ஒரு கதையில் யாரும் சிரிக்கவில்லை என்றால் அது தீவிர இலக்கியம். கட்டுரையில் வாக்கியம் புரியாமல் இரண்டு தடவை படிக்கவேண்டியிருந்தால் அது தத்துவம். செதுக்குபவர் தாடைக்கு அடியில் போடும் குறுக்குக் கோடு போன்றதுதான் இதுவும். நிழல் விழும், ஆழம் இருப்பதுபோலத் தோன்றும். தகட்டைத் தடவிப் பார்த்தால் பள்ளம் ஒரு மயிரிழை.

பாரதிக்கு நாம் செய்தது இதன் உச்சம். நம்மிடம் இருக்கும் அவருடைய புகைப்படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றிலிருந்து தலைப்பாகையும் மீசையும் எரிக்கும் விழியும் மட்டும் பிரித்தெடுத்து ஒரு முத்திரை செய்துகொண்டோம். சின்னச் சங்கரன் கதையை எழுதியவரும் அதே ஆள்தான். ஜமீன் தர்பாரையும் சிருங்காரப் புலவர்களையும் தமிழில் யாரும் அந்த மாதிரிக் கிழித்ததில்லை. தன்னையும் சேர்த்தே கேலி செய்துகொள்ளும் எழுத்து அது. அது பாரதியின் 'சில்லறை' எழுத்து என்ற கணக்கில் தொகுப்புகளின் கடைசியில் கிடக்கிறது. ஏன்? அந்த விழிகளோடு அது ஒத்துவரவில்லை. படத்துக்குப் பொருந்தாத எழுத்தை ஒதுக்குகிறோம், பொருந்துகிற எழுத்தைத் திரும்பத் திரும்ப அச்சிடுகிறோம். பிறகு எழுத்து படத்தைப்போலவே இருக்கிறது என்று வியக்கிறோம்.

இதனால் நஷ்டம் செத்தவர்களுக்கு இல்லை. இன்று எழுதுகிற இருபது வயதுக்காரனுக்கு. அவனுக்கு இயல்பாக வருவது ஊர்ப் பேச்சின் இடக்கும், பாட்டியின் வசைமொழியும், சந்தையில் கேட்ட ஒரு கெட்ட சிரிப்பும். நம் பத்திரிகைக்கு அனுப்புகிறபோது அவற்றையெல்லாம் துடைத்துவிட்டு, 'தனிமையின் பெருவெளி' என்று எழுதி அனுப்புகிறான். நாமும் போடுகிறோம். அவன் முகத்தை மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான், வெகுஜனப் பத்திரிகை அல்ல.

செய்யக்கூடிய காரியம் கொஞ்சம்தான். இந்த மாதிரிப் பத்திரிகைகள் எழுத்தாளர் படம் போடுவதை நிறுத்தலாம். ஒரு எழுத்தாளர் இறந்தால், அவருடைய தொகுப்பில் சேராத, அவர் நண்பர்களே சங்கடப்படுகிற மாதிரியான ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்து அச்சிடலாம். அந்த 99 கடிதங்கள் இதே மண்ணில் தமிழில் யோசித்து எழுதப்பட்டவை. மூன்று நூற்றாண்டாக அவை ஜெர்மன் உடையில் நிற்கின்றன. அவற்றில் பத்தையாவது நல்ல தமிழில் போட முடிகிற ஒருவரைக் கண்டுபிடித்து, அடுத்த படத்திறப்பு விழாவுக்கு ஆகிற செலவை அவரிடம் கொடுக்கலாம். கடிதம் எழுதியவர் யார், எப்படி இருந்தார் என்று யாராவது கேட்டால், படித்துப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம்.